கடைசி வண்டி வரும் வரை

பேரணி என்றதும் நம் கண்முன் வருவது கொடி, கோஷம், லாரியில் வந்து இறங்கும் கூட்டம், மேடையில் தலைவர். மோட்டார் சைக்கிள் பேரணியில் இவை எதுவும் கிடையாது. யாரும் யாருக்கும் எதிராகக் கோஷம் போடுவதில்லை. வந்து சேர்வதுதான் நிகழ்ச்சி. அங்கே புதிதாகச் சந்திக்கும் இருவர் பெயரைக்கூடப் பிறகுதான் கேட்டுக்கொள்கிறார்கள். முதல் கேள்வி, ‘எங்கிருந்து ஓட்டி வந்தீர்கள்?’ வண்டியை ரயிலில் அனுப்பிவிட்டு விமானத்தில் வந்தவர் இதற்குக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பதில் சொல்வார்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் 1938-இல் ஒன்பது பேர் கலந்துகொண்ட பந்தயமாகத் தொடங்கியது, இன்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் லட்சக்கணக்கானோர் திரளும் விழாவாகிவிட்டது. இந்தியாவில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பெயர் பெற்ற இடம், வடக்கு கோவாவின் கடலோரச் செம்மண் மேடான வாகத்தோர். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அங்கே நடத்தும் மூன்று நாள் விழாவுக்கு 2022 வரை ரைடர் மேனியா என்று பெயர். 2023 முதல் மோட்டோவர்ஸ். 2024 நவம்பர் 22 முதல் 24 வரை நடந்த விழாவுக்குப் புனேயிலிருந்து 11 வண்டிகள் ஒன்றாகக் கிளம்பின. அவற்றில் ஒன்று 38 வயதான கறுப்பு புல்லட். ஓட்டியவருக்கு 41 வயது. இதுபோன்ற கூட்டத்துக்கு அவர் போவது அதுவே முதல் தடவை.

புனேயின் கட்கி, பிரிட்டிஷ் காலத்து ராணுவக் குடியிருப்பு. ராணுவ வேலைக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன. அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். 1986-இல் கடன் வாங்கி அந்த புல்லட்டை வாங்கினார். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டித் தெருமுனையில் அதன் சத்தம் கேட்டால்தான் வீட்டில் விளக்கு அணையும். 2018-இல் அப்பா மாரடைப்பில் இறந்தார். வண்டி ஆறு ஆண்டுகள் மாடிப்படிக்குக் கீழே தார்பாய்க்குள் கிடந்தது. “வித்துடு, இல்லன்னா அப்படியே கிடக்கட்டும். நீ அதுல ஏறாதே” என்பது அம்மாவின் தீர்ப்பு.

மகன் கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளர். ஸ்கூட்டர் தவிர எதையும் ஓட்டியதில்லை. 2024 தொடக்கத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் தார்பாயை விலக்கியபோது, பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் தங்க நிறக் கோடு இன்னும் மங்காமல் இருந்ததைப் பார்த்தார். கையால் இழுத்த கோடு அது. மறுநாளே ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

அந்த மெக்கானிக்குக்கு 60 வயது தாண்டிவிட்டது. ஊரே அவரைக் காகா என்று அழைக்கும். பழைய புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார். நான்கு மாதத்தில் எஞ்சினை இறக்கி ஏற்றி உயிர் கொடுத்தார். அதைவிடக் கடினமான வேலை, ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அந்தக் காலத்து புல்லட்டில் எல்லாமே தலைகீழ். கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்குக் கீழே அழுத்த வேண்டும். பட்டனைத் தட்டினால் கிளம்பும் பழக்கமும் அதற்கில்லை. சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள சின்ன மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கைப்பிடியில் இருக்கும் சிறு லீவரைப் பிடித்துக்கொண்டு இம்மி அளவு மிதித்து, லீவரை விட்டுவிட்டு, அதன் பிறகே முழு மூச்சாக உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி அவர் மூன்று நாள் வங்கியில் செருப்போடு நடமாடினார். “வண்டி உன்னைக் காத்திருக்கச் சொல்லுது பாவு. நீதான் கேக்க மாட்டேங்கிறே” என்றார் காகா.

காகா ஒரு புல்லட் சங்கத்தில் பழைய உறுப்பினர். நவம்பரில் கோவா போகிறோம், நீயும் வா என்றார். வீட்டில் பேசியபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: “ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வீட்டுல இருக்கணும்.” அவர் சரி என்றார். விடுப்பு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போதும். நவம்பர் 23 நான்காவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. திங்கள் காலை கிளையில் தணிக்கை தொடங்குகிறது; அதற்குள் வந்துவிடலாம். கணக்குப் பிசிறில்லாமல் வந்தது. காசாளர் அல்லவா!

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கத்ரஜ் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் கூடினார்கள். மகாராஷ்டிரத்தில் சட்டமன்றத் தேர்தல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிளட்சைப் பிடிக்கும் இடது கை விரல்களில் எல்லோருக்கும் மை. குழுவை வழிநடத்தியவர் 35 வயதுப் பள்ளி ஆசிரியை. பெண்களுக்கான மோட்டார் சைக்கிள் அமைப்பான பைக்கர்னி 2011-இல் தொடங்கிய ஊர் புனே. அங்கே ஒரு பெண் பத்து ஆண்களுக்கு முன்னால் வண்டி ஓட்டிப் போவது யாருக்கும் செய்தி இல்லை. புதியவருக்கு மட்டும் அது புதுமையாக இருந்தது.

ஆசிரியை வகுப்பு எடுப்பதைப் போலவே விதிகளைச் சொன்னார். நேரான சாலையில் ஒருவர் தடத்தின் இடப்புறம், அடுத்தவர் வலப்புறம் என்று மாறி மாறிப் போக வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. இடது கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வேகத்தைக் குறை. காலை ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளம். டேங்கைத் தட்டினால் பெட்ரோல் தீர்கிறது. ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டினால் முன்னால் போலீஸ். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. கடைசியாக ஒன்று: சாலை திரும்பும் இடத்தில், பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியும்வரை யாரும் திரும்பக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு.

வரிசை அறிவிக்கப்பட்டபோது அவருக்கு இரண்டாவது இடம், ஆசிரியைக்கு நேர் பின்னால். புதியவனுக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது வண்டிதான். முதல் வண்டி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகும். புதியவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்கள் சற்று வேகமெடுத்தாலும் எட்டிப் பிடிக்க அவர் பறக்க வேண்டியிருக்கும், விபத்து அங்கேதான். அதனால் கடைசி இடம் எப்போதும் மிகவும் அனுபவம் உள்ளவருக்கு. இந்தக் குழுவில் அது காகாவின் இடம். எந்த வண்டி நின்றாலும் அவர் நிற்பார். யாரையும் முந்தமாட்டார்.

சாத்தாரா வரை எல்லாம் நன்றாகவே போனது. கராடைத் தாண்டியதும் பின் சக்கரம் பாம்பைப் போல நெளிந்தது. ஆணி. டியூப் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி, மாற்று டியூப் போட்டு, காற்றடித்துக் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கோலாப்பூரில் சாப்பாடு முடித்து, நிப்பாணியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆஜ்ரா நெருங்கும்போது கிளட்ச் லீவர் கையோடு தளர்ந்து விழுந்தது. கேபிள் அறுந்துவிட்டது. ஒரே நாளில், ஒரே வண்டியில், இரண்டு தடவை. பத்துப் பேர் கரும்புத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவருக்குத் தலை நிமிரவில்லை.

காகா தன் வண்டியைக் காட்டினார். அதில் கிளட்ச் கேபிளோடு ஒட்டி இன்னொரு கேபிள், இரண்டையும் சேர்த்து அங்கங்கே டேப் சுற்றியிருந்தது. ஒன்று அறுந்தால் அடுத்ததை மாட்டிக்கொண்டு போகலாம். பழைய புல்லட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். தன் வண்டியிலிருந்து அந்த உபரி கேபிளை உருவி, இதில் மாட்டினார். நேரம் போய்விட்டது. ஆம்போலியை அடைந்தபோது ஆறு மணி. மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவே வாகத்தோர் போய் முதல்நாள் இசை நிகழ்ச்சியைப் பார்ப்பதாகத் திட்டம். நுழைவுச் சீட்டுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆசிரியை வானத்தைப் பார்த்தார், மலைப்பாதையைப் பார்த்தார். “இன்னிக்கு இங்கேதான்” என்றார். ஆம்போலியில் ஒரு விடுதியில் மூன்று அறைகள் கிடைத்தன. அவர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். நான்காவது ஆள் சற்று எரிச்சலோடு, “பாவு, போன வருஷம் என் வண்டி. அடுத்த வருஷம் வேற யாரோடதோ. படுத்துத் தூங்கு” என்றார்.

மறுநாள் காலை மலை இறங்கி, சாவந்த்வாடி, பாந்தா வழியாகக் கோவா எல்லையைத் தாண்டி, மாப்புசா போய் வாகத்தோரை அடைந்தபோது மணி பத்தரை. முதலில் வந்தது சத்தம். பிறகு செம்மண் தூசி. அதன் பிறகுதான் வண்டிகள். ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க வரிசை வரிசையாய்க் குரோமியம் பளபளத்தது. அன்றுதான் கோவன் கிளாசிக் 350 என்ற புதிய வண்டியை வெளியிட்டார்கள். அதைச் சுற்றித் தேர்த் திருவிழாக் கூட்டம். மகாராஷ்டிரத்தில் வாக்கு எண்ணிக்கையும் அன்றுதான். புனேக்காரர்கள் ஒரு கண்ணைக் கைப்பேசியிலும் மறு கண்ணை வண்டிகளிலும் வைத்திருந்தார்கள்.

அவருக்கு முதல் ஒரு மணி நேரம் கல்யாண வீட்டில் தெரியாமல் நுழைந்துவிட்டவரைப் போல இருந்தது. மற்றவர்களின் தோல் ஜாக்கெட் அவர் இரண்டு மாதச் சம்பளத்துக்கு விற்கும். பெட்டிகளில் லடாக், ஸ்பிதி, பூட்டான் என்று ஒட்டுத்தாள்கள். அவருடைய வண்டியில் ஒட்டியிருந்தது ஒரு பழைய முருகன் படம், அப்பா ஒட்டியது. ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தபோது அதைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். வலது பக்க கியரைப் பார்க்காத தலைமுறை. இருபது வயதுப் பையன் ஒருவன் அந்த மீட்டர் முள்ளைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

முருகன் படத்தைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் நெருங்கினார்கள். “அண்ணே, எந்த வருசத்து வண்டிங்க?” என்று கேட்டார்கள். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆன குடும்பத்தின் தமிழில் அவர் பதில் சொன்னார். அவர்கள் வண்டியின் சரித்திரம் சொன்னார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம் 1932-இல் முதன்முதலாக புல்லட் என்ற பெயரை வைத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் செய்வது நிற்கவில்லை. “உங்க வண்டி நம்ம மெட்ராஸ்ல பொறந்ததுங்ண்ணா” என்றான் ஒருவன். அப்பாவும் வண்டியும் ஒரே மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பிற்பகலில் போட்டிகள். மண் தடத்தில் பந்தயம் ஒரு பக்கம் புழுதியைக் கிளப்பியது. ஆனால், கூட்டம் சத்தமே இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது வேறொரு போட்டியை. மெதுவாக ஓட்டும் போட்டி. சுண்ணாம்புக் கோடு போட்ட குறுகலான தடம். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியில் வந்து சேர்கிறவருக்கு வெற்றி. வேகமாக ஓட்ட எஞ்சின் போதும். மெதுவாக ஓட்டத்தான் ஆள் வேண்டும். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி போக வேண்டும். விலை உயர்ந்த புதிய வண்டிகளில் வந்தவர்கள் பாதியில் காலை ஊன்றினார்கள். கனமான சுழல் சக்கரம் கொண்ட பழைய புல்லட்டுகள் டக், டக் என்று ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டு ஊர்ந்தன.

காகா அவரையும் தள்ளிவிட்டார். முடிவுக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் அவர் கால் தரையைத் தொட்டுவிட்டது. தோற்றவருக்கும் கைதட்டல் கிடைத்தது. அன்று மாலை அவர் அம்மாவிடம் தொலைபேசியில் பேசியபோது குரலில் பள்ளிக்கூடத்துப் பையனின் பரபரப்பு இருந்தது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்பும் இளைஞர்களும் அங்கே உண்டு. கோவாவில் மது மலிவு. இரவு பத்து மணிக்கு அவர்களுடைய குழுவிலேயே ஒருவர் பீருக்கும் ஃபென்னிக்கும் பிறகு, கடற்கரைக்கு ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்று எழுந்தார். ஆசிரியை எதுவும் பேசாமல் கையை நீட்டினார். அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். விவாதம் இல்லை, உபதேசமும் இல்லை. ஆண்டுக் கணக்கில் பழகிய சடங்கைப் போல அது நடந்து முடிந்தது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய கணக்கு உதைத்தது. காலை பதினொரு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். குழுவில் ஒரு வண்டியின் மின்சுருள் எரிந்துபோய், மாற்று வாங்க மாப்புசாவுக்கும் பணஜிக்கும் அலைந்ததில் மணி மூன்றாகிவிட்டது. புனே 450 கிலோமீட்டர். ஆசிரியை சொன்னார்: “நாளைக் காலை ஆறரைக்குக் கிளம்பறோம்.”

அவர் தனியாகப் போவதாகச் சொன்னார். இப்போது கிளம்பினால் ராத்திரி ஒரு மணிக்குள் போய்விடலாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. திங்கள் காலைத் தணிக்கை. மேலாளரிடம் பேசிப் பார்த்ததில், “வராவிட்டால் சம்பளமில்லா விடுப்புத்தான், அப்புறம் ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்” என்று பதில் வந்திருந்தது. அவருக்கு இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போகும் பதவி உயர்வு ஒன்று உண்டு. சங்கத்தில் யாருக்கும் யாரையும் தடுக்கும் அதிகாரம் இல்லை. அவர் பையைக் கட்டத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் காகாவும் தன் பையைக் கட்டினார். எங்கே என்று கேட்டதற்கு, “நீ போறே இல்ல? நான் பின்னால வரணுமே” என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. “நீ போறது உன் இஷ்டம் பாவு. கடைசி வண்டிக்குப் பின்னால யாரு வர்றதுன்னு நீ முடிவு பண்ண முடியாது.” காகாவின் ஒரு கண்ணில் புரை. இரவில் எதிரே வரும் விளக்கு அவருக்கு ஒரு வெள்ளைப் பந்தாகத்தான் தெரியும் என்பதை ஆசிரியை அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். இன்னொன்றையும் சொன்னார். காகா தன் வாயால் சொல்லாதது.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. காகாவும் மூன்று நண்பர்களும் நான்கு வண்டிகளில் கோவாவிலிருந்து இரவில் திரும்பினார்கள். நிப்பாணிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி நான்கு டீ சொன்னார்கள். மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். சிறுநீர் கழிக்க நின்றிருப்பான் என்று நினைத்துக் கேலி பேசிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். நான்காவது டீயில் ஏடு படிந்தது. திரும்பிப் போய்த் தேடியபோது 18 கிலோமீட்டர் பின்னால், விளக்கில்லாத கரும்பு வண்டியின் பின்புறம் மோதி, சாலையோரப் பள்ளத்தில் கிடந்தான். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றார் மருத்துவர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து காகா யாருக்கும் முன்னால் வண்டி ஓட்டியதில்லை.

இது ஒரு குழுவின் சோகம் மட்டுமல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம், அதாவது 74,897 பேர், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. நாளின் எந்த நேரத்தில் விபத்து அதிகம் என்ற கேள்விக்கும் அதே அறிக்கையில் பதில் இருக்கிறது: மாலை ஆறு முதல் ஒன்பது வரை. களைப்பும் இருட்டும் வீட்டுக்குப் போகும் அவசரமும் ஒன்றாகக் கூடும் நேரம். பேரணிக்குப் போகும்போது எல்லோரும் கவனமாகத்தான் போகிறார்கள். ஞாயிறு மாலை திரும்பும்போதுதான் திங்கட்கிழமை அவர்களைப் பின்னாலிருந்து துரத்துகிறது.

அவர் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ராத்திரியில வராதடா. உங்கப்பா செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் தெருமுனையில சத்தம் கேக்குதான்னு இருபது வருஷம் முழிச்சிக்கிட்டுக் கிடந்தவ நான். நாளைக்குப் பகல்ல வா. பகல்ல காத்திருக்கிறது அவ்வளவு கஷ்டமில்ல.”

அவர் பையை அவிழ்த்தார். காகாவும் தன் பையை அவிழ்த்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மேலாளருக்கு ஒரு வரி செய்தி அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்துவிட்டார்.

திங்கள் காலை ஆம்போலி மலையேறும்போது வெயில் மலைச்சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நிப்பாணிக்குப் பிறகு நெடுஞ்சாலையில் கரும்பு டிராக்டர்கள். ஒரு டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர்கள். சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு, இருபுறமும் தோகை பிதுங்க, ஆலையை நோக்கி நகர்ந்தன. பின்பக்கத்தில் சிவப்பு விளக்கு இல்லை. ஒளி பட்டால் மின்னும் பட்டையும் இல்லை. இருந்திருந்தாலும் கரும்பு மூடியிருக்கும். பகல் வெளிச்சத்தில் அரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே தெரிந்தன. ஆசிரியை இடது கையைக் கீழ்நோக்கி அசைத்தார். அவரும் அசைத்தார். சைகை வண்டி வண்டியாய்ப் பின்னால் போய்க் காகாவிடம் சேர்ந்தது. கராட் வரை 23 டிராக்டர்களை அவர் எண்ணினார். முந்தின இரவும் அவை அங்கேதான் இருந்திருக்கும்.

காகா புறப்படும் முன் அவர் வண்டிக்கு வலப்பக்கமும் ஒரு கண்ணாடி பொருத்தியிருந்தார். போகும்போது அவர் அதில் தன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். திரும்பும்போது வேறு விதமாகப் பார்த்தார். அடுத்த வண்டியின் விளக்கு, அதற்கடுத்தது, கடைசியில் ஒரு மங்கலான மஞ்சள் புள்ளி. கண்ணாடி பின்னால் வருவதைக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னால் வராததையும் அது காட்டும்.

மாலை ஐந்தரை மணிக்குப் புனே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் கையசைத்துப் பிரிந்தார். சிவாஜிநகர் தாண்டியபோது இரண்டே வண்டிகள். காகாவின் வீடு அதற்கு முன்பே வந்து போய்விட்டது. ஆனாலும் அவர் கட்கி வரை பின்னால் வந்து, தெருமுனையில் அம்மா எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகே வண்டியைத் திருப்பினார்.

தணிக்கை அவர் இல்லாமலும் நடந்தது. ஒரு நாள் சம்பளம் போயிற்று. பதவி உயர்வு இன்னொரு முறை தள்ளிப்போயிற்று; அதற்கு அந்தத் திங்கட்கிழமைதான் காரணமா என்பது மேலாளருக்கே வெளிச்சம். அம்மா வண்டியைப் பற்றி இப்போதும் நல்லதாக எதுவும் சொல்வதில்லை. ஆனால், தார்பாயை மடித்துப் பரணில் போட்டுவிட்டார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, சங்கம் சிம்மகட் கோட்டைக்குக் கிளம்பியது. புதிதாக ஓர் இளைஞன் வந்திருந்தான். அவனுக்கு இரண்டாவது இடம் கொடுத்தார்கள். அவன் முகத்தில் பெருமை தெரிந்தது. யாரும் அதைக் கெடுக்கவில்லை. நமது காசாளர் கடைசிக்கு முந்தைய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வண்டியில் இப்போது கிளட்ச் கேபிளோடு இன்னொரு கேபிள் டேப் சுற்றி இருக்கிறது. பையில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அவருடைய வண்டிக்கு அல்ல.